குதிரையோட மலைக்காட்டு ஓரத்துல கேம்பிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (மொன்டானா, பாப் மார்ஷல் பக்கம்)

குதிரை கேம்பிங்னு சொன்னதுமே நண்பர்கள் கேக்குற கேள்விங்க திரும்பத் திரும்ப ஒண்ணாவே இருக்கு, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். இது முழுக்க அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல இருக்கிற பாப் மார்ஷல் வனப்பகுதியை வெச்சு எழுதினது. வேற இடத்துக்குப் போறவங்க அந்த ஊர் ரேஞ்சர் ஆபீஸ்ல ரூல்ஸ் கேட்டுக்கங்க, இடத்துக்கு இடம் மாறும்.

இந்த பாப் மார்ஷல்னா என்ன, யாரு?

ஆளு பேரும் அதான், இடத்து பேரும் அதான். ராபர்ட் மார்ஷல், 1901ல பிறந்து 1939ல 38 வயசுலயே செத்துப்போன வனத்துறை அதிகாரி. ஒரு நாளைக்கு 30 மைலுக்கு மேல அசால்ட்டா நடப்பாராம். ரோடே போடாத காடு கொஞ்சமாவது மிச்சம் இருக்கணும்னு வாழ்நாள் முழுக்க சண்டை போட்டவர், 1935ல வில்டர்னஸ் சொசைட்டி ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். அவர் செத்த அடுத்த வருஷம் இந்தக் காட்டுக்கு அவர் பேரை வெச்சாங்க, 1964ல வில்டர்னஸ் சட்டம் (ரோடு போடாத காட்டை அப்படியே விட்டு வெக்கணும்ங்கிற சட்டம்) வந்தப்போ அதுக்குள்ள வந்துடுச்சு. இது மட்டும் 10 லட்சம் ஏக்கருக்கு மேல, பக்கத்துல ஒட்டியே இருக்கிற ஸ்கேப்கோட், கிரேட் பேர் ரெண்டையும் சேத்தா 15 லட்சம் ஏக்கர். உள்ள ஒரு ரோடு கூட கிடையாது. லோக்கல் ஆளுங்க "பாப்"னு மட்டும்தான் சொல்லுவாங்க, "எங்க போயிருந்தீங்க"ன்னு கேட்டா "பாப்புக்குள்ள"ம்பாங்க.

சரி, அதுக்கு ஏன் குதிரை? ஜீப்ல போக முடியாதா?

முடியாது. சட்டப்படி எஞ்சின் வெச்சது எதுவும் உள்ள போகக்கூடாது, எஞ்சின் இல்லாட்டியும் சக்கரம் வெச்சது போகக்கூடாது, சைக்கிள் கூட நோ. ட்ரோனை உள்ள இருந்து ஏத்தி இறக்கவும் கூடாது. பாதையில மரம் விழுந்தா ஃபாரஸ்ட் சர்வீஸ்காரங்களே செயின்சா எடுக்கிறதில்ல, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் புடிச்சு இழுக்கிற நீள ரம்பத்துலதான் அறுப்பாங்க. அவங்க சாமானும் கோவேறு கழுதை மேலதான் போகுது. மிசோலா பக்கத்துல நைன்மைல்னு ஒரு இடம், 1930ல இருந்து காட்டுத்தீ அணைக்கப் போறவங்களுக்கு கழுதையும் குதிரையும் சப்ளை பண்ண டிப்போ, இன்னைக்கும் அங்க மூட்டை கட்டுறதுக்கு ட்ரெயினிங் நடக்குது. ஸோ இங்க குதிரைங்கிறது சும்மா டூரிஸ்ட் போட்டோவுக்கு நிக்கிற ஐட்டம் இல்ல, வண்டியே அதான்.

காட்டு ஓரத்துல தங்கறதா, உள்ள போய் தங்கறதா? எது பெட்டர்?

முதல் தடவைன்னா ஓரம்தான், நான் யாருக்கும் வேற மாதிரி சொல்லமாட்டேன். ரோடு முடியற இடத்தை ட்ரெயில்ஹெட்ங்கிறாங்க, மேற்குல ஹாலண்ட் லேக், வடக்குல ஸ்பாட்டட் பேர், கிழக்குல அகஸ்டா ஊரைத் தாண்டி பெஞ்ச்மார்க், இது மாதிரி. குதிரை ஆளுங்க அதிகம் வர்ற ட்ரெயில்ஹெட்ல குதிரை கட்ட கம்பு, இறக்கி ஏத்த மேடு, சில இடத்துல கொட்டடி மாதிரி வேலி அடிச்ச இடம் எல்லாம் இருக்கும். அங்க டென்ட் போட்டுட்டு காலைல சேணம் கட்டி உள்ள போயி சாயந்திரம் திரும்பி வந்துடலாம். வண்டி பக்கத்துலயே நிக்கும், வைக்கோல் வண்டியிலயே இருக்கும், குதிரைக்கு வயித்து வலின்னா ட்ரெய்லர்ல ஏத்தி டாக்டர்கிட்ட ஓடலாம். உள்ள 20 மைல் போனப்புறம் அதே வயித்து வலி வந்தா அந்த 20 மைலும் குதிரை தன் கால்லதான் நடந்து வரணும், வர முடியலன்னா என்ன ஆகும்னு நான் சொல்லவேண்டாம். ஹெலிகாப்டர் மனுஷனுக்கு வரும், குதிரைக்கு வராது.

ஆனா "ஓரம்"ங்கிறதை ஏதோ ஊர் பக்கத்துலன்னு நினைச்சுடாதீங்க. அகஸ்டாவுல இருந்து பெஞ்ச்மார்க் சுமார் 30 மைல், பெரும்பாலும் மண் ரோடு. ஹங்ரி ஹார்ஸ் ஊர்ல இருந்து ஸ்பாட்டட் பேர் 50 மைலுக்கு மேல, அதுவும் பெரும்பாலும் மண்ணு, ரோடு ஃபுல்லா பல்லு பல்லா வரி விழுந்து கிடக்கும். ட்ரெய்லர் டயர் நல்லதா, ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாக்காம கிளம்பாதீங்க. வழியில பெட்ரோல் பங்க் கிடையாது, ஊர்லயே டேங்க்கை ஃபுல் பண்ணிக்கணும். போன் சிக்னலும் போயிடும்.

ஹங்ரி ஹார்ஸா? அது என்ன பேரு?

நிஜமாவே பசிச்ச குதிரைதான். 1900-01 குளிர்காலத்துல சரக்கு ஸ்லெட்ஜ் இழுத்துட்டிருந்த டெக்ஸ், ஜெர்ரின்னு ரெண்டு குதிரை அவுத்துக்கிட்டு காட்டுக்குள்ள போயிடுச்சு. ஒரு மாசம் கழிச்சு வயித்தளவு பனியில எலும்பும் தோலுமா கண்டுபிடிச்சு, தீனி போட்டுத் தேத்திக் கொண்டாந்தாங்க. அந்தப் பேரு அப்பிடியே ஊருக்கு நின்னுடுச்சு, அப்புறம் கட்டின டேமுக்கும் அதே பேரு.

எந்த மாசம் போகலாம்?

ஜூலை நடுவுல இருந்து செப்டம்பர் முதல் பாதி வரைக்கும். ஜூன்ல பனி உருகி ஆறெல்லாம் பொங்கி ஓடும், குதிரை மேல உக்காந்துட்டே கடக்கலாம்னு இறங்கறவங்க இருக்காங்க, ஆத்துக்கு அடியில இருக்கிற உருண்டைக் கல்லு குதிரைக்கும் வழுக்கும் சாமி. மேல கணவாய்ல ஜூலை வரைக்கும் கூட பனி கிடக்கும். ஆகஸ்ட்ல தீ சீசன், கேம்ப் ஃபயருக்கு தடை வரலாம், சில வருஷம் பாதையையே மூடிடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி நாள் ரேஞ்சர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுடுங்க. செப்டம்பர் நடுவுல இங்க சில பகுதியில துப்பாக்கி வேட்டை சீசன் ஆரம்பிச்சுடும், ட்ரெயில்ஹெட்ல ட்ரெய்லர் நிறுத்த இடமே இருக்காது, நீங்களும் குதிரையும் ஆரஞ்சு கலர்ல ஏதாவது போட்டுக்கிட்டுதான் சுத்தணும்.

ஜூலை, ஆகஸ்ட்லயும் ராத்திரி தண்ணி உறையற குளிர் வரலாம். பகல்ல கொசு, குதிரை ஈ ரெண்டும் சேந்து பிடுங்கும். குதிரைக்கு முகத்துல மாட்டுற வலை ஒண்ணு வாங்கிக்கங்க.

பர்மிட் வேணுமா?

சொந்த குதிரையில சொந்தமா போறவங்களுக்கு பாப்ல தனி பர்மிட் கிடையாது, ஃபீஸும் கிடையாது. ஒரு குரூப்ல 15 பேர், 35 குதிரை கழுதை, அதுக்கு மேல கூடாது (35ஐ எல்லாம் யாரு மேய்க்கிறது!). காசு வாங்கிட்டு கூட்டிட்டு போறவங்கன்னா மாநில லைசென்ஸும் ஃபாரஸ்ட் சர்வீஸ் பர்மிட்டும் கட்டாயம். கிழக்குப் பக்கம் பிளாக்ஃபீட்ங்கிற பூர்வகுடி மக்களோட ரிசர்வேஷன், அதாவது அவங்களுக்குன்னு ஒதுக்கின நிலம் இருக்கு, அங்க அவங்க ரூல்ஸ் தனி, அவங்ககிட்ட கேக்காம கால் வைக்காதீங்க. நாம இன்னைக்கு போற பாதையில பலதும் அவங்களும், சாலிஷ், கூட்னை மக்களும் தலைமுறை தலைமுறையா நடந்த பாதைதான்.

வேற மாநிலத்துல இருந்து குதிரை கொண்டுவந்தா டாக்டர் சர்ட்டிபிகேட், காகின்ஸ் டெஸ்ட்னு ஒரு ரத்தப் பரிசோதனை ரிசல்ட் ரெண்டும் கையில இருக்கணும்.

குதிரைக்கு என்ன தீனி? கொள்ளு குடுக்கலாமா?

நம்ம ஊர்ல குதிரைன்னா கொள்ளுன்னு ஒரு நினைப்பு, இங்க கொள்ளு கிடைக்காது, தேவையும் இல்ல. அடிப்படை காஞ்ச புல்லுதான். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 7ல இருந்து 9 கிலோ வரைக்கும் காஞ்ச புல் வேணும், மலையேத்தத்துல வேலை செஞ்சா இன்னும் கொஞ்சம். தண்ணி 20 லிட்டர்ல இருந்து 40 லிட்டர் வரைக்கும், வெயில்ல இன்னும் ஜாஸ்தி.

முக்கியமான ரூல், களை விதை இல்லைன்னு சான்று கொடுத்த புல் மட்டும்தான் தேசிய காட்டு நிலத்துக்குள்ள கொண்டு போகணும், ட்ரெயில்ஹெட்டும் அதுல அடக்கம். கட்டுல தனி கலர் கயிறோ டேகோ இருக்கும், அது இல்லாத புல் இருந்தா ஃபைன். காரணம் என்னன்னா நாப்வீட் மாதிரி வெளிநாட்டுக் களை, குதிரை வயித்துக்குள்ள போற விதை செரிக்காம லத்தியில வந்து அப்படியே காட்டுல முளைச்சுடும். அதனால கிளம்புறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே வீட்ல அந்தப் புல்லையே போட ஆரம்பிச்சுடணும், வயித்துல இருக்கிற பழசெல்லாம் வெளிய வந்துடும், புதுத் தீனிக்கு வயிறும் பழகிக்கும். திடீர்னு தீனி மாத்தினா குதிரைக்கு காலிக், அதாவது வயித்து வலி வரும், நமக்கு வயித்து வலின்னா ஒரு சோடா குடிச்சா போச்சு, குதிரைக்கு அது உயிர் போற விஷயம், ஏன்னா குதிரையால வாந்தி எடுக்க முடியாது.

ராத்திரி குதிரையை எங்க கட்டறது? மரத்துல கட்டிட்டா போதாதா?

இதுதான் அதிகம் கேக்குற கேள்வி, இதுக்குத்தான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

மரத்துல நேரா கட்டாதீங்க. அஞ்சு நிமிஷம் இறங்கி டீ குடிக்கறதுக்குன்னா பரவால்ல. ராத்திரி முழுக்க கட்டினா குதிரைக்கு போர் அடிக்கும், முன்னங்காலால தோண்டும், விடியறப்போ மரத்தைச் சுத்தி வேர் எல்லாம் வெளிய தெரியும், பட்டையைக் கடிச்சு வெச்சிருக்கும். அப்பிடி செத்த மரங்க பழைய கேம்ப்ல இன்னும் நிக்குது.

செய்ய வேண்டியது ஹைலைன். கொஞ்சம் காய்ஞ்ச, கல்லு மண்ணு தரையா, தண்ணியில இருந்து 60 மீட்டராவது தள்ளி ரெண்டு நல்ல மரம் பாத்துக்கங்க. மரத்துக்கு ரெண்டு இன்ச்சுக்குக் குறையாத அகல நாடாவைச் சுத்தணும், கயிறு நேரா மரத்துல படக்கூடாது. ரெண்டு மரத்து நாடாவுக்கும் நடுவுல கயித்தை உங்க தலைக்கு மேல, 7 அடி 8 அடி உயரத்துல நல்லா இழுத்துக் கட்டணும், தொங்கிச்சுன்னா வேலைக்கு ஆகாது. குதிரைக்கு ஒண்ணுன்னு கயித்துல வளையமோ முடிச்சோ போட்டு, அது நகராத மாதிரி பாத்துக்கணும், இல்லன்னா ரெண்டு குதிரையும் மரத்தடிக்கே போய் சேந்துக்கும். கட்டுற கயிறு நீளம்தான் விஷயமே: மூக்கு தரையில இருக்கிற புல்லை எட்டணும், ஆனா காலைத் தூக்கி கயித்துக்கு மேல போட முடியக்கூடாது. நீளம் ஜாஸ்தி விட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு கால் சிக்கி உருண்டு கிடக்கிற சத்தத்துல எந்திரிப்பீங்க. ஒண்ணை ஒண்ணு உதைக்கிற குதிரைங்களைப் பக்கத்துல பக்கத்துல கட்டாதீங்க, யாருக்கு யாரைப் புடிக்கும்னு உங்களுக்கே தெரியும், கல்யாணப் பந்தியில சண்டைக்காரச் சொந்தத்தைப் பிரிச்சு உக்கார வெக்கிற மாதிரிதான்.

மேய விடணும்னா முன்னங்கால் ரெண்டையும் இணைச்சுக் கட்டற ஹாபிள் போடலாம், ஆனா ஹாபிளோடயே துள்ளித் துள்ளி மைல் கணக்கா ஓடற கில்லாடி குதிரைங்க இருக்கு. வீட்லயே பழக்கிட்டுதான் கொண்டு வரணும். கூட்டத்துல தலைவி யாருன்னு பாத்து, பெரும்பாலும் வயசான ஒரு பெண் குதிரைதான், அது கழுத்துல மணி கட்டுவாங்க, கோவேறு கழுதைங்க அது பின்னாடியேதான் சுத்தும். எப்பவும் ஒரு குதிரையாவது ஹைலைன்லயே இருக்கணும், அத்தனையும் அவுத்து விட்டுட்டு தூங்கினா காலைல எல்லாம் ட்ரெயில்ஹெட் பக்கம் நடந்து போயிருக்கும், துரத்திட்டுப் போறதுக்கு உங்களுக்கு கால் மட்டும்தான் இருக்கும்.

மூட்டை எப்பிடி ஏத்தறது? எவ்ளோ தாங்கும்?

குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்குன்னு வெச்சுக்கங்க. சாதாரண பேக் கழுதைக்கு 70 கிலோ கிட்ட. அளவை விட முக்கியம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ங்கிறது, அதனால தொங்கவிட்டு எடை போடற சின்ன தராசு ஒண்ணு எல்லார் கேம்ப்லயும் இருக்கும். ஒரு பக்கம் ஒரு கிலோ கூட இருந்தாலும் சேணம் மெதுவா அந்தப் பக்கம் சாயும், மதியத்துக்குள்ள முதுகுல புண்ணு. இந்த ஊர்ல டெக்கர்னு இரும்பு வளைவு வெச்ச சேணம்தான் அதிகம், அதுல சாமானை கேன்வாஸ் துணியில மடிச்சுப் பொட்டலம் கட்டி ரெண்டு பக்கமும் தொங்க விடுவாங்க.

எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு. கழுதைங்களை வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு கட்டுறப்போ நேரா சேணத்துல கட்டமாட்டாங்க, சேணத்துக்குப் பின்னாடி ஒரு மெல்லிசான கயிறு வளையம் விட்டு அதுலதான் கட்டுவாங்க. சரிவுப் பாதையில ஒண்ணு தவறி விழுந்தா அந்த மெல்லிசு கயிறு படக்குன்னு அறுந்துடும், மத்ததையும் இழுத்துட்டுப் போகாது. நல்ல கயிறா போட்டுடலாமேன்னு புதுசா வர்றவங்க மாத்திக் கட்டறதுதான் ஆபத்து.

கரடி?

இருக்கு. கிரிஸ்லி. இந்த வட்டாரத்துல, கிளேசியர் பார்க்கையும் சேத்து சுமார் 1000 இருக்கும்னு கணக்கு. 1975ல இருந்து பாதுகாக்கப்பட்ட விலங்கு.

சாப்பாடு, குப்பை, டூத்பேஸ்ட், சமைச்ச பாத்திரம், வாசனை வர்ற எதுவா இருந்தாலும் ஏப்ரல் 1ல இருந்து டிசம்பர் 1 வரைக்கும் பூட்டி வெக்கணும்ங்கிறது ரூல். ஒண்ணு கரடி உடைக்க முடியாத பெட்டியில, இல்லன்னா தரையில இருந்து 10 அடி உயரத்துல, மரத்துல இருந்து 4 அடி தள்ளி தொங்கவிடணும். காட்டு ஓரத்துல ட்ரெயில்ஹெட்ல இருக்கோமேன்னு மேஜை மேல விட்டுட்டு தூங்கப் போகாதீங்க, கதவு ஜன்னல் சாத்தின வண்டிக்குள்ளயாவது வெச்சுடணும். நிறைய பேருக்குத் தெரியாதது, குதிரைத் தீனியும் இதுல சேரும். வெறும் காஞ்ச புல்லு வெளிய இருக்கலாம், ஆனா வெல்லப்பாகு கலந்த தானியம், பெல்லெட் எல்லாம் கரடிக்கு இனிப்புக் கடை மாதிரிதான், அதையும் பூட்டணும். நம்ம ஆளுங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா: தாளிச்ச வாசனை சும்மா ரெண்டு மலை தாண்டும், சமையலை டென்ட்ல இருந்து நல்லா தள்ளி, 100 மீட்டர் தூரத்துல வெச்சுக்கங்க, அந்த டிரஸ்ஸோட தூங்கப் போகாதீங்க.

பேர் ஸ்ப்ரே, அதாவது கரடி பாய்ஞ்சா அது முகத்துல அடிக்கிற மிளகா ஸ்ப்ரே, கட்டாயம். அதை சேணப் பையில வெக்காம உங்க பெல்ட்ல மாட்டிக்கங்க. கரடியைப் பாத்து குதிரை உங்களைக் கீழ தள்ளிட்டு ஓடுதுன்னு வெச்சுக்குவோம், ஸ்ப்ரே குதிரையோட போயிடும், நீங்களும் கரடியும் மட்டும் நிப்பீங்க.

வழியில நடந்து போறவங்க வந்தா?

அவங்க ஒதுங்கணும், மூட்டை சுமந்து வர்ற குதிரைக்குத்தான் முன்னுரிமை. ஒதுங்கறப்போ பள்ளத்துப் பக்கமா இறங்கி நின்னு, சாதாரணமா ஏதாவது பேசிட்டே இருக்கச் சொல்லுங்க. மேட்டுப் பக்கம் பெரிய பேக் மாட்டிட்டு அசையாம நின்னா குதிரை கண்ணுக்கு அது பதுங்கி நிக்கிற மிருகம். பயந்து ஓடினாலும் குதிரை மேட்டுப் பக்கம் ஓடறது நல்லது, பள்ளத்துக்குள்ள பாயறதை விட.

மருந்துப் பெட்டியில என்ன வேணும்?

ஒட்டுற பேண்டேஜ், புண்ணு கழுவ சலைன், லாடம் கழண்டா மாட்டறதுக்கு ரப்பர் பூட்ஸ், குளம்பு சுரண்டுற கொக்கி, தெர்மாமீட்டர். வலி மருந்து உங்க குதிரை டாக்டர் எழுதிக் குடுத்தது மட்டும். நார்மல் என்னன்னு தெரிஞ்சாத்தான் அப்நார்மல் தெரியும்: சும்மா நிக்கிற குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28ல இருந்து 44, சூடு 99ல இருந்து 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஈறுல விரலை அழுத்தி எடுத்தா வெளுத்த இடம் ரெண்டு செகண்டுல பழையபடி சிவக்கணும். தீனி வேண்டாங்குது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது, படுத்துப் படுத்து எந்திரிக்குதுன்னா உடனே கிளம்புங்க, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க. சேட்டிலைட் மெசேஜ் அனுப்புற கருவி ஒண்ணு கூட்டத்துக்கு அவசியம்.

காலி பண்றப்போ என்ன பண்ணணும்?

லத்தியை உதைச்சு உடைச்சுப் பரப்பணும், குவியலா விட்டா மக்க ரொம்ப நாள் ஆகும். தோண்டின குழியை மூடணும், மிச்சப் புல்லைக் கூட்டணும். ட்ரெயில்ஹெட்ல மட்டும் பரப்பாதீங்க, அள்ளி ட்ரெய்லர்ல போட்டு வீட்டுக்கே கொண்டு போங்க. பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென்னு ஒரு சங்கம் இருக்கு, 1973ல இதே மொன்டானாவுல ஃப்ளாட்ஹெட் பள்ளத்தாக்குல குதிரைக்காரங்க ஆரம்பிச்சது. குதிரைக்காரங்க காட்டை நாசம் பண்றாங்கன்னு பேச்சு வந்து எங்க தடை போட்டுடுவாங்களோங்கிற பயம் குதிரைக்காரங்களுக்கு எப்பவும் உண்டு. அதனால அவங்களே பாதை வெட்டுறாங்க, குப்பை அள்ளுறாங்க. உங்க லத்தியை விட்டுட்டுப் போனா திட்டுறது ரேஞ்சர் இல்ல, அவங்கதான்.

குதிரையே ஓட்டத் தெரியாது, இந்தியாவுல இருந்து டூர் வர்றேன். சான்ஸ் இருக்கா?

தாராளமா. காசு வாங்கிட்டு கூட்டிட்டு போறவங்களை அவுட்ஃபிட்டர்ங்கிறாங்க, லைசென்ஸ் இருக்கிற அவுட்ஃபிட்டர்கிட்ட புக் பண்ணுங்க, குதிரை, சமையல், டென்ட் எல்லாம் அவங்களே. எடை வரம்பு பல பேர் வெச்சிருப்பாங்க, உயரம் எடை ரெண்டையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்க, குதிரை முதுகு விஷயம் அது. வெஜிடேரியன்னா புக் பண்றப்பவே அழுத்திச் சொல்லுங்க, இது மாட்டுக்கறி ஊரு. வர்றதுக்கு முன்னாடி ஊர்ல ஒரு ரைடிங் ஸ்கூல்ல சில கிளாஸ் போயிட்டு வாங்க, இல்லன்னா முதல் நாள் சாயந்திரம் முட்டி ரெண்டும் மடங்காது. இறக்கத்துல கொஞ்சம் இறங்கி நடந்தா குதிரைக்கும் உங்க முட்டிக்கும் நல்லது. ஜீன்ஸ்ல உள்பக்கம் தடிச்ச தையல் இல்லாததா பாத்துப் போடுங்க. குதிகால் வெச்ச ஷூ கட்டாயம், தட்டையான ஸ்போர்ட்ஸ் ஷூன்னா அங்கவடிக்குள்ள கால் முழுசா நுழைஞ்சு மாட்டிக்கும், விழுந்தா இழுத்துட்டுப் போயிடும். பேர் ஸ்ப்ரேயை ப்ளைட்ல செக்-இன் லக்கேஜ்ல கூட விடமாட்டாங்க, மிசோலாவுலயோ கேலிஸ்பெல்லயோ இறங்கி வாங்கிக்கங்க, திரும்பறப்போ யாருக்காவது குடுத்துட்டு வாங்க.